இரண்டு நாளில் தவறிப்போன இருபது வருஷம்: கொல்லிமலையில் தொடங்கிய ஒரு காப்பிரைட் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த எபிசோடுக்கான ஐடியா காரவள்ளியில ஆரம்பிச்சது. நாமக்கல் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், கொல்லிமலை ஏற்றம் அங்கேதான் தொடங்கும். 70 கொண்டை ஊசி வளைவு. முதல் பத்து வளைவு வரைக்கும் எல்லாரும் வீடியோ எடுப்பாங்க. முப்பதுக்கு மேல யாரும் பேச மாட்டாங்க, ஜன்னல் ஓரத்துல இருக்கிறவங்க முகத்தைப் பார்த்தாலே காரணம் தெரியும்.

மேல போய் செம்மேட்டுல, வல்வில் ஓரி சிலைக்குப் பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு விஷயம் ரெக்கார்ட் பண்ணலாம்னு திட்டம். ஒண்ணு, ஓரியைப் பற்றிப் புறநானூறு என்ன சொல்லுதுன்னு ஒரு பகுதி. இன்னொண்ணு, ராஜாஜியோட 'வியாசர் விருந்து' புத்தகத்திலிருந்து ஒரு கதையை முழுசா வாசிக்கிறது. மலைக்காற்று, பின்னால பறவைச் சத்தம், நல்லா இருக்கும்னு நினைச்சோம்.

முதல் பகுதிக்குப் பிரச்சினையே இல்லை. ஓரியைப் பாடின வன்பரணரும் கழைதின் யானையாரும் ராயல்டி கேட்டு வரப்போறதில்லை. ரெண்டாவதுக்கு முன்னாடி எங்க டீம்ல ஒருத்தர் கேட்டார்: "ராஜாஜி இறந்து அம்பது வருஷம் தாண்டிடுச்சே, இப்போ ஃப்ரீதானே?" இன்னொருத்தர், "இந்தியாவுல அறுபது வருஷம்" என்றார். மூணாவது ஆள், "நம்ம கேட்கிறவங்க பாதிப் பேர் இந்தியாவுலயே இல்லையே" என்றார். அந்த மூணாவது வாக்கியத்துக்குப் பதில் தேடினதுதான் இந்த எபிசோட்.

முதல்ல ரெண்டு மனிதர்களைப் பார்ப்போம். கொல்லிமலையிலிருந்து காவிரி பக்கமா இறங்கினா மோகனூர். நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை 1888-ல் பிறந்தது அங்கே. இன்னொரு பக்கம் திருச்செங்கோடு. அதுக்குப் பக்கத்துல புதுப்பாளையத்துலதான் ராஜாஜி 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். நாமக்கல் மாவட்டம் 1997-ல் வந்தது, அதுக்கு முன்னாடி எல்லாமே சேலம் மாவட்டம்தான். ராஜாஜி சேலத்து வக்கீல். 1930-ல் அவர் வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தப்போ, தொண்டர்கள் பாடிக்கிட்டே போன பாட்டு நாமக்கல் கவிஞர் எழுதினது. 1949-ல் கவிஞரைச் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞராக நியமித்தார்கள். சென்னைத் தலைமைச் செயலகத்துல இருக்கிற பத்து மாடிக் கட்டடம் இன்னைக்கும் 'நாமக்கல் கவிஞர் மாளிகை'தான். அவர் எழுதிய 'மலைக்கள்ளன்' நாவல் 1954-ல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாச்சு. தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம்னு எல்லா மொழிக்கும் போச்சு. இந்தியில திலீப் குமார் நடிச்ச 'ஆசாத்' நம்ம மலைக்கள்ளன்தான். மோகனூர்க்காரர் ஒருத்தர் எழுதின கதை அந்தக் காலத்துலயே எத்தனை எல்லை தாண்டிச்சுன்னு பாருங்க.

நண்பர்களான இந்த ரெண்டு பேரும் ஒரே வருஷம் போய்ச் சேர்ந்தாங்க. கவிஞர் 1972 ஆகஸ்ட் 24. ராஜாஜி அதே வருஷம் டிசம்பர் 25.

காப்பிரைட் கணக்குல மாசமும் தேதியும் முக்கியமில்லை. எழுத்தாளர் இறந்த வருஷம் முடிஞ்சு, அடுத்த ஜனவரி 1-லிருந்துதான் மீட்டர் ஓடும். ஆக ரெண்டு பேருக்கும் மீட்டர் 1973 ஜனவரி 1-ல் தொடங்குது. எப்போ நிற்கும்னா, அது நீங்க எந்த ஊர்ல நிற்கிறீங்கங்கிறதைப் பொறுத்தது.

மலேசியாவுல 50 வருஷம். அதனால 2023 ஜனவரி 1-லயே ராஜாஜி தமிழ்ல எழுதின எல்லாம் அங்கே பொதுச்சொத்து. கோலாலம்பூர்ல ஒருத்தர் 'வியாசர் விருந்'தை வாசிச்சு யாருக்கும் ஒரு பைசா தராம வெளியிடலாம். இந்தியாவுல 60. அதனால செம்மேட்டுல உட்கார்ந்திருக்கிற நாங்க 2032 டிசம்பர் 31 வரைக்கும் காத்திருக்கணும். கனடாவுல 70. ஸ்கார்பரோவுல இருக்கிற ஒரு தம்பி 2043 பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அதையே செய்ய முடியும்.

ஒரே புத்தகம், ஒரே தமிழ், மூணு ஊர், மூணு தேதி. கனடா தேதிக்குப் பின்னால ஒரு கதை இருக்கு, அதைக் கேட்டா கொஞ்சம் கோபம் வரும்.

கனடாவுலயும் 2022 வரைக்கும் 50 வருஷம்தான். பழைய சட்டம் அப்படியே இருந்திருந்தா 2023 ஜனவரி 1, ஞாயிற்றுக்கிழமை, 1972-ல் இறந்த எல்லாருடைய எழுத்தும் அங்கே பொதுவுக்கு வந்திருக்கும். ஆனா அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூணு நாடும் பழைய நாஃப்டாவை மாத்தி ஒரு புது வர்த்தக ஒப்பந்தம் போட்டாங்க. 2020 ஜூலை 1-ல் அது நடைமுறைக்கு வந்தது. கார் உதிரிபாகம், பால், இரும்புன்னு ஆயிரம் விஷயத்துக்கு நடுவுல ஒரு ஷரத்து: காப்பிரைட் காலம் இனி 70 வருஷம். சட்டத்தை மாத்திக்க கனடாவுக்குக் கொடுத்த அவகாசம் 2022 டிசம்பர் 31 வரை. கனடா சட்டத்தைத் திருத்தியது. அது அமலுக்கு வந்த நாள் 2022 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை சட்டம். ஞாயிற்றுக்கிழமை விடுதலையாக வேண்டியவங்க. ஏற்கெனவே பொதுவுக்கு வந்ததைத் திரும்ப எடுத்துக்கல, அதனால 1971-ல் இறந்தவங்க தப்பிச்சாங்க. 1972-ல் இறந்த ராஜாஜியும் நாமக்கல் கவிஞரும் அந்த ரெண்டு நாள் இடைவெளியில மாட்டிக்கிட்டாங்க. உலகத்துலயே தமிழர்கள் அதிகமா வாழ்ற ஊர்கள்ல ஒண்ணு டொரண்டோ. ராஜாஜி சொன்ன மகாபாரதம் அங்கே இன்னும் இருபது வருஷம் பூட்டுக்குள்ள. காரணம் ஒரு வட அமெரிக்க வர்த்தக பேரம்.

இது கனடாவுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. ஜப்பான்லயும் 50 வருஷம் 70 ஆனது, பசிபிக் வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்த 2018 டிசம்பர் 30 அன்று. அங்கேயும் புத்தாண்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி! ஜப்பான்ல 'அவோசோரா புன்கோ'ன்னு தன்னார்வலர்கள் தட்டச்சு பண்ணி நடத்துற ஒரு டிஜிட்டல் நூலகம் இருக்கு, நம்ம மதுரைத் திட்டம் மாதிரி. வருஷா வருஷம் ஜனவரி 1-ல் புது எழுத்தாளர்களைச் சேர்க்கிறது அவங்க வழக்கம். அந்த வழக்கத்துக்கு இருபது வருஷ லீவு. இதுல வேடிக்கை என்னன்னா, அந்த 70 வருஷ ஷரத்தைக் கேட்டதே அமெரிக்கா. அமெரிக்கா 2017-ல் ஒப்பந்தத்தை விட்டு வெளியே போனதும், மிச்சம் இருந்த நாடுகள் அந்த ஷரத்தை நிறுத்தி வெச்சாங்க. ஜப்பான் அப்படியும் மாத்திக்கிட்டது. மலேசியா மாத்தல. மலேசியத் தமிழனுக்கு ராஜாஜி இப்போ இலவசமா கிடைக்கிறதுக்கு இது ஒரு காரணம்.

சரி, இந்த 50, 60, 70 எல்லாம் எங்கேயிருந்து வந்தது?

50 என்பது பெர்ன் உடன்படிக்கையின் குறைந்தபட்சம். 1995-ல் உலக வர்த்தக நிறுவனம் வந்தப்போ, ட்ரிப்ஸ் ஒப்பந்தம் மூலமா அது எல்லா உறுப்பு நாட்டுக்கும் கட்டாயம் ஆச்சு. நமக்கு அந்த 50 முன்னாடியே இருந்தது. பிரிட்டிஷ் சட்டத்தை ஒட்டி 1914-ல் வந்த சட்டத்துலயும் 50, சுதந்திர இந்தியாவின் 1957 சட்டத்துலயும் 50.

அது 60 ஆனதுக்குக் காரணம் ஒரே ஒரு கவிஞர்: தாகூர். அவர் 1941-ல் இறந்தார். 1991 டிசம்பர் 31-ஓட விஸ்வபாரதியின் உரிமை முடியணும். அதுக்கு சில நாள் முன்னாடி, டிசம்பர் கடைசியில ஒரு அவசரச் சட்டம் வந்தது, 1992-ல் அதுவே திருத்தச் சட்டம் ஆச்சு. எல்லாருக்கும் பத்து வருஷம் கூட. வங்காளத்துல எடுத்த முடிவு, ஆனா அதோட பலன் தமிழுக்கும் சேர்த்துத்தான். நம்ம பக்கத்துல யாரும் பெருசா பேசினதாகவே தெரியல.

70 ஐரோப்பாவுல பிறந்தது. ஐரோப்பிய நாடுகள் 1993-ல் தங்களுக்குள்ள ஒரே கால அளவு வைக்கணும்னு முடிவு பண்ணப்போ, பெரும்பாலான நாடுகள்ல 50, ஜெர்மனியில 70. பொதுவா என்ன பண்ணுவீங்க? நடுவுல ஒரு எண்ணை எடுப்பீங்க, இல்லைன்னா அதிகம் பேர் வெச்சிருக்கிறதை எடுப்பீங்க. அவங்க எடுத்தது 70. இருக்கிற உரிமையை யாரிடமிருந்தும் பிடுங்கக் கூடாதுங்கிறது வாதம். அமெரிக்கா 1998-ல் அதுக்குச் சமமா ஏறியது. அப்புறம் அமெரிக்கா யாரோட வர்த்தக ஒப்பந்தம் போட்டாலும் அந்த எண் கூடவே போச்சு. 2004-ல் சிங்கப்பூர், 2005-ல் ஆஸ்திரேலியா. ஐரோப்பிய ஒன்றியத்தோட 2024-ல் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தால நியூசிலாந்தும் 50-லிருந்து 70-க்கு மாறியாகணும். இலங்கையோட 2003 சட்டத்துலயும் 70.

இதைத்தான் ஒத்திசைவுன்னு சொல்றாங்க. அழகான வார்த்தை. கச்சேரியில எல்லா வாத்தியமும் ஒரே சுருதிக்கு வர்ற மாதிரி. ஆனா நம்ம கச்சேரியில பாடகருக்கு எட்டலைன்னா சுருதியைக் கொஞ்சம் இறக்குவாங்க. இந்தக் கச்சேரியில இதுவரைக்கும் யாரும் இறக்கினதைப் பார்க்கல.

இந்த இடத்துல ஓரிக்குத் திரும்பணும். ஓரியை நமக்குக் கொடுத்தவர் உ.வே.சாமிநாதையர். 1894-ல் அவர் புறநானூற்றை அச்சில் கொண்டுவராம இருந்திருந்தா, செம்மேட்டுல அந்தச் சிலை இருந்திருக்குமான்னு தெரியல. ஓலைச்சுவடியைத் தேடி ஊர் ஊரா அலைஞ்ச அந்த மனுஷர் தன்னோட கதையையே 'என் சரித்திரம்'னு 1940-லிருந்து ஆனந்த விகடன்ல தொடரா எழுதினார். 1942-ல் காலமானார், தொடர் பாதியில நின்னது.

இப்போ கணக்கைப் பாருங்க. பழைய 50 வருஷம்னா 1992 டிசம்பரோட அவர் எழுத்து பொதுவுக்கு வந்திருக்கும். தாகூருக்காக வந்த திருத்தத்தால அது 2002 டிசம்பர் வரைக்கும் தள்ளிப்போச்சு. பத்து வருஷம்தானே, போகட்டும்னு நினைக்கலாம். ஆனா நடுவுல 1996 ஜனவரி 1 வந்தது. உலக வர்த்தக ஒப்பந்தத்தின்படி அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: அந்தத் தேதியில சொந்த நாட்டுல காப்பிரைட் உயிரோட இருக்கிற வெளிநாட்டு நூல்களுக்கு அமெரிக்காவுலயும் காப்பிரைட் கொடுக்கப்படும். அந்தக் காலத்து நூல்களுக்கு அங்கே கணக்கு, வெளியான வருஷத்திலிருந்து 95 வருஷம். 50 வருஷமே இருந்திருந்தா, அந்தத் தேதியில 'என் சரித்திரம்' இந்தியாவுல பொதுச்சொத்து, அமெரிக்காவுலயும் பொதுச்சொத்து. 60 ஆனதால அந்தத் தேதியில அது உயிரோட மாட்டிக்கிச்சு. இந்தியாவுல 2003-லயே ஃப்ரீ ஆன புத்தகம், அமெரிக்கச் சட்டப்படி, முதல் அத்தியாயங்களுக்கே 2035 முடியணும்.

உ.வே.சா. சுவடி தேடின காலத்துல கறையான்தான் எதிரி. இப்படி ஒரு கணக்கு வரும்னு அவர் கனவுலகூட நினைச்சிருக்க மாட்டார்.

"அமெரிக்காவுல என்ன இருந்தா நமக்கென்ன?"ன்னு கேட்கலாம். காகிதப் புத்தகத்துக்கு அது சரி. நாமக்கல்ல அச்சடிச்ச புத்தகம் நாமக்கல்லயே இருக்கும், நாமக்கல் சட்டம் போதும். ஆனா நீங்க இப்போ கேட்டுக்கிட்டு இருக்கிற இந்த எபிசோட் எந்த ஊர் சர்வர்ல இருக்குன்னு எங்களுக்கே சரியா தெரியாது. விக்கிமூலத்தோட சர்வர் அமெரிக்காவுல இருக்கு, அதனால அவங்க அமெரிக்கச் சட்டத்தையும் பார்த்துத்தான் ஆகணும். மதுரைத் திட்டத்தை 1998 பொங்கல் அன்று தொடங்கினவங்கள்ல கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்துல இருந்தார், குமார் மல்லிகார்ஜுனன் அமெரிக்காவுல. தட்டச்சு பண்ணினவங்க பல நாட்டுக்காரங்க. தமிழ் இணையம் பிறக்கும்போதே பல நாட்டுக் குழந்தை.

பெர்ன் உடன்படிக்கையிலயே இதுக்கு ஒரு நிவாரணம் இருக்கு: ஒரு நூல் அதோட சொந்த நாட்டுல பொதுவுக்கு வந்துட்டா, மற்ற நாடுகளும் அதுக்கு மேல பாதுகாப்பு தர வேண்டியதில்லை. ஐரோப்பிய நாடுகள் இதைக் கடைப்பிடிக்குது. அதனால பாரிஸ்ல இருக்கிற ஈழத்தமிழருக்கு ராஜாஜி விஷயத்துல நம்ம 60 தான் கணக்கு. ஆனா விருப்பப்படாத நாடு விலகிக்கலாம்னும் அங்கேயே எழுதியிருக்கு. அமெரிக்கா விலகிக்கிச்சு. தனி ஒருத்தர் எழுதின நூல்களுக்குக் கனடாவும் இதைக் கொடுக்கிறதில்லை. இன்னொண்ணும் கவனிங்க: நாளைக்கு இந்தியா 70-க்கு மாறினா, பாரிஸ்லயும் தானா 70 ஆயிடும். நம்ம எண் நமக்கு மட்டும் உரியது இல்லை.

இவ்வளவு நேரம் மற்றவங்க கதை. இதே விஷயத்துல தமிழ்நாடு உலகத்துக்கே புதுசா ஒண்ணு செஞ்சிருக்கு, நம்ம ஆட்களுக்கே அது பாதிதான் தெரியும்.

1940-கள்ல புது டெக்னாலஜின்னா கிராமபோனும் பேசும் படமும்தான். பாரதியோட பாட்டுகளுக்கான இசைத்தட்டு, சினிமா உரிமை ஏவி.மெய்யப்பச் செட்டியார்கிட்ட இருந்தது. காசு கொடுத்து முறைப்படி வாங்கினது, தப்பு சொல்ல முடியாது. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்களோட 'பில்ஹணன்' படத்துல பாரதி பாட்டு ஒண்ணைச் சேர்த்தப்போ, உரிமைப் பிரச்சினை வந்தது. பாரதியோட பாட்டைப் பாட யார்கிட்ட அனுமதி கேட்கணும்? நாடே கொந்தளிச்சது. 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதியின் எழுத்துரிமையை வாங்கியது. செட்டியார் தன் பங்கு உரிமையைப் பணம் வாங்காமல் கொடுத்தார். 1955-ல் அரசு அதை மக்களுக்கே பொதுவாக்கியது. சட்டப்படி 1971 வரைக்கும் காத்திருந்திருக்கணும்.

இதுக்குப் பேர்தான் நாட்டுடைமை. அதுக்கப்புறம் எத்தனையோ எழுத்தாளர்கள்: பாரதிதாசன், கல்கி, திரு.வி.க., வ.உ.சி. வாரிசுகளுக்கு அரசு ஒரு தொகை கொடுக்கும், நூல்கள் எல்லாருக்கும் பொது. நாமக்கல் கவிஞரும் அந்தப் பட்டியல்ல இருக்கார். அதாவது மீட்டர் ஓடி முடியிறதுக்காகக் காத்திருக்காம, மீட்டருக்குக் காசு கொடுத்து இறங்கிக்கிற வழி.

இதுல ஒரே சிக்கல், 'நாட்டுடைமை'ங்கிற வார்த்தை வாளையாறு தாண்டினா புரியாது. கலிஃபோர்னியாவுல ஒரு வக்கீல்கிட்ட அரசாணையைக் காட்டினா, அரசு உரிமையை வாங்கியிருக்கா, அப்போ உரிமை இப்போ அரசுகிட்டதானே இருக்குன்னு கேட்பார். நியாயமான கேள்விதான். பத்து வருஷத்துக்கு முன்னாடி தமிழ் இணையக் கல்விக்கழகமும் தமிழ் விக்கிமீடியர்களும் சேர்ந்து இதுக்கு ஒரு வழி பண்ணினாங்க. நாட்டுடைமை நூல்களை 'கிரியேட்டிவ் காமன்ஸ் ஜீரோ' என்கிற உலகப் பொது உரிமத்துல அறிவிச்சு, ஆயிரக்கணக்கான புத்தகங்களைத் தமிழ் விக்கிமூலத்துல ஏத்தினாங்க. அந்த உரிமத்தோட அர்த்தம், உலகத்துல எந்த நாட்டுச் சட்டப்படி எங்களுக்கு என்ன உரிமை இருந்தாலும் விட்டுட்டோம்கிறதுதான். தமிழ்நாட்டு அரசாணையை உலகத்துக்குப் புரியிற மொழியில பெயர்த்த வேலை அது. எந்த வர்த்தக ஒப்பந்தமும் கேட்காம நடந்த ஒத்திசைவு. நான் படிச்சதுல இந்த மொத்தக் கதையிலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

வாரிசுகள் பக்கமும் நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். எல்லாக் குடும்பமும் நாட்டுடைமைக்கு ஒத்துக்கல. 2009-ல் அரசு அறிவிச்சப்போ சில எழுத்தாளர் குடும்பங்கள் வேண்டாம்னு மறுத்தாங்க. புத்தகம் இன்னும் நல்லா விற்குது, ராயல்டி வருது, நல்ல பதிப்பாளர் இருக்கார்னா அவங்க ஏன் விட்டுக்கொடுக்கணும்? வாழ்நாள் முழுக்கக் காசு பார்க்காத எழுத்தாளரோட மனைவிக்கு மாசாமாசம் ஏதோ ஒரு தொகை வர்றதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இறந்து அறுபது வருஷம் கழிச்சும் விற்கிற தமிழ்ப் புத்தகம் எத்தனை? மிச்சமிருக்கிற நூத்துக்கணக்கான எழுத்தாளர்களோட புத்தகம் அச்சுலயே இல்லை. உரிமை யார்கிட்ட இருக்குன்னு கண்டுபிடிக்கவும் ஆள் இல்லை. அவங்களுக்குக் கூடுதல் பத்து வருஷம்னா, பழைய நூலகத்து அலமாரியில இன்னும் பத்து மழைக்காலம்.

கால அளவு ஒரு பக்கம். டிஜிட்டல் பூட்டு இன்னொரு பக்கம். மின்னூலைக் காப்பி பண்ண முடியாதபடி கம்பெனிகள் பூட்டு போடுவாங்க. அமெரிக்கச் சட்டத்துல அந்தப் பூட்டை உடைக்கிறதே தனிக் குற்றம், விதிவிலக்குகள் ரொம்பக் குறைவு. இந்தியா 2012 திருத்தத்துல கொஞ்சம் நிதானமா எழுதியது: உரிமையை மீறுற நோக்கத்தோட உடைச்சாத்தான் குற்றம். சட்டம் அனுமதிக்கிற காரியத்துக்காக உடைச்சா குற்றமில்லை. இது முக்கியம், ஏன்னா பூட்டுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. 2033 ஜனவரி 1 வந்தாலும் ராஜாஜியோட மின்னூல் பூட்டு தானா திறந்துக்காது.

இந்த நிதானத்தை இழக்க வேண்டியிருக்குமோங்கிற பயம் ஒரு காலத்துல இருந்தது. 16 நாடுகள் சேர்ந்து ஆர்சிஇபின்னு ஒரு பெரிய ஆசிய வர்த்தக ஒப்பந்தம் பேசினாங்க. அறிவுசார் சொத்து அத்தியாயத்தோட வரைவு 2015-ல் கசிந்தது. கடுமையான விதிகளை முன்வெச்சது ஜப்பானும் தென்கொரியாவும். 2019 நவம்பர் 4-ல் பாங்காக்ல இந்தியா விலகிக்கிச்சு. விலகினதுக்குக் காரணம் பால், விவசாயம், சீன இறக்குமதி. புத்தகம் இல்லை. ஆனா பால்காரங்க போராட்டத்துல புத்தகமும் சேர்ந்து தப்பிச்சதுன்னு சொல்லலாம்.

எதிர்த்திசையில போன ஒத்திசைவும் ஒண்ணு உண்டு. பார்வையற்றவங்களுக்காக பிரெய்ல், ஆடியோ வடிவத்துல புத்தகத்தை மாத்தவும், நாடு விட்டு நாடு அனுப்பவும் அனுமதி கேட்காம வழி செய்யிற மராகேஷ் உடன்படிக்கை. அதை உலகத்துலயே முதல்ல அங்கீகரிச்ச நாடு இந்தியா, 2014 ஜூன்ல. கனடாவும் அதுல இருக்கு. அதனால சென்னையில ஒரு அமைப்பு பார்வையற்றவங்களுக்காக 'வியாசர் விருந்'தை ஆடியோவா பண்ணினா, அது ஸ்கார்பரோவுல இருக்கிற பார்வையற்ற வாசகருக்கு இன்னைக்கே போகலாம். எனக்கும் உங்களுக்கும்தான் 2043.

இப்போ என்ன நடக்குது? இந்தியா வரிசையா ஒப்பந்தம் போட்டுக்கிட்டு இருக்கு. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாலு நாட்டோட 2024 மார்ச்ல, பிரிட்டனோட 2025 ஜூலையில. ரெண்டுலயும் அறிவுசார் சொத்துக்குன்னு பக்கம் பக்கமா இருக்கு. செய்தியில விஸ்கி விலையும் கார் விலையும்தான் வரும். எதிர்ப்பக்கம் உட்கார்ற நாடுகள்ல கால அளவு 70. அவங்க அதைக் கேட்கிறது இயல்பு. வேற ஏதோ ஒரு வரிச்சலுகைக்காக நாம அதை விட்டுக்கொடுக்கிறதும் சுலபம், ஏன்னா அதுக்காகத் தெருவுல இறங்க யாரும் இல்லை. தாகூருக்குப் பேச விஸ்வபாரதி இருந்தது. பாலுக்குப் பேச விவசாயிங்க இருந்தாங்க.

என்ன மாறும்னு கேட்டா, தி.ஜானகிராமனை எடுத்துக்கோங்க. 1982-ல் இறந்தார். நம்ம 60 கணக்குல 'மோகமுள்' 2043-ல் பொதுவுக்கு வரும். 70 ஆனா 2053. இப்போ கல்லூரியில படிக்கிற ஒருத்தருக்கு, நடுவயசுல கிடைக்கிறதுக்கும் ஓய்வு பெறுற வயசை நெருங்கும்போது கிடைக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் அது.

செம்மேட்டுல அன்னைக்கு என்ன பண்ணோம்னு சொல்லாம விட்டா திட்டுவீங்க. ராஜாஜியை மூடி வெச்சோம். போன்ல விக்கிமூலத்தைத் திறந்து நாமக்கல் கவிஞரோட 'என் கதை'யிலிருந்து ஒரு பகுதியை வாசிச்சோம். அனுமதிக் கடிதம் இல்லை, எந்த நாட்டுக்கு எந்தத் தேதின்னு பார்க்க வேண்டியதும் இல்லை. பின்னால ஒரு சேவல் விடாம கூவிக்கிட்டே இருந்தது, அதை எடிட் பண்ண முடியல. அந்த ஆடியோவை அடுத்த வாரம் போடுறோம்.

'வியாசர் விருந்து' எபிசோடுக்கும் தேதி குறிச்சாச்சு: 2033 ஜனவரி 1. சனிக்கிழமை. சட்டம் நடுவுல மாறலைன்னா, நாங்களும் இருந்தா, அதே சிலைக்குப் பக்கத்துல.